பாரிஸ்–பெர்லின் கூட்டு இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்?

திண்ணை வாசகன் (கேள்வி)

பிரான்ஸ்–ஜெர்மனி உறவில் 1963-ஆம் ஆண்டு எலிசே நட்பு ஒப்பந்தத்திலிருந்து 2019-ஆம் ஆண்டு ஆகன் ஒப்பந்தம் வரை ஓரளவு படித்தாயிற்று. அதற்குப் பிந்தைய செய்திகள்தான் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பிரான்ஸ் அதிபர் மக்ரோனும் ஜெர்மன் சான்சலர் மெர்ஸும் ஒரு வாரம் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள், அடுத்த வாரமே போர் விமானத் திட்டம் கவிழப்போகிறது என்கிறார்கள். தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது:

1. எஃப்சிஏஎஸ் போர் விமானத் திட்டத்தில் சண்டை உண்மையில் எதைப் பற்றி? அது உடைந்தால் கூட்டே உடைந்ததாகப் பொருளா?
2. ஒருவரிடம் பணம் இருக்கிறது, இன்னொருவரிடம் அணுகுண்டு இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்க என்ன தடை?
3. 27 நாட்டு ஒன்றியத்தில் இந்த இருவர் ஒத்துப்போனால் காரியம் முடிந்துவிடுமா?
4. 2027 பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குப் பிறகு எது நிற்கும், எது சாயும்?

"ஐரோப்பா நாற்சந்தியில் நிற்கிறது" வகைப் பேச்சு ஏற்கெனவே நிறையக் கிடைக்கிறது. விதி, எண், தேதி வேண்டும்.

---

நூல்கண்டு

கேள்விகளுக்குப் போகும் முன் ஒன்று. இந்தக் கூட்டு ஒத்த கருத்தில் பிறந்தது என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாச் செய்தியும் முரணாகத்தான் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் இதை "ஜோடி" என்பார்கள், ஜெர்மானியர்கள் "மோட்டார்" என்பார்கள். பெயரிலேயே ஆளுக்கொரு எதிர்பார்ப்பு.

1963 ஜனவரி 22 அன்று பிரான்ஸ் அதிபர் டி கோலும் ஜெர்மன் சான்சலர் அடேனவரும் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சில மாதங்களில் அதை ஏற்க வந்த ஜெர்மன் நாடாளுமன்றமான புண்டஸ்டாக், தன் பங்குக்கு ஒரு முகவுரையை முன்னால் ஒட்டியது. அமெரிக்காவோடு நெருக்கம், நேட்டோவுக்குள் கூட்டுப் பாதுகாப்பு, பிரிட்டனையும் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ப்பது என்று, டி கோல் எதையெல்லாம் தள்ளிவைக்க நினைத்தாரோ அத்தனையும் அதில் இருந்தன. அறுபது ஆண்டுகளாக நடப்பது அந்த முகவுரைச் சண்டைதான்.

பிறகு எப்படி ஓடியது? இருவரும் எதிரெதிர் முனையில் நிற்பார்கள், ஒவ்வொருவர் பின்னாலும் நாலைந்து நாடுகள் நிற்கும். இவர்கள் நடுவில் ஒரு கோடு போட்டால் பின்னால் நிற்பவர்களுக்கும் பாதி கிடைத்துவிடும், அதனால் ஏற்பார்கள். 2020 நல்ல உதாரணம். மே 18 அன்று அப்போதைய ஜெர்மன் சான்சலர் மெர்கலும் மக்ரோனும் கொரோனா மீட்புக்கு 50,000 கோடி யூரோ மானியம், அதுவும் ஒன்றியத்தின் பெயரில் கூட்டாகக் கடன் வாங்கி, என்று முன்வைத்தார்கள். நெதர்லாந்து, ஆஸ்திரியா, ஸ்வீடன், டென்மார்க் நான்கும் முரண்டு பிடித்தன. ஜூலையில் 75,000 கோடி என்று முடிந்தது. அதில் 39,000 கோடி மானியம், மீதி கடன். கூட்டுக் கடனே கூடாது என்று காலம் காலமாகச் சொன்ன ஜெர்மனி இறங்கிவந்ததால்தான் அது நடந்தது.

ஆகன் ஒப்பந்தம் இதற்குச் சில கருவிகளைக் கொடுத்தது. காலாண்டுக்கு ஒரு முறையாவது ஒரு நாட்டு அமைச்சர் மற்ற நாட்டின் அமைச்சரவைக் கூட்டத்தில் முறைவைத்து உட்கார வேண்டும். தாக்குதல் வந்தால் ராணுவ பலம் உட்பட முடிந்த எல்லா வழியிலும் உதவ வேண்டும் என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது. அதே ஆண்டு, தனி உடன்பாட்டின் பேரில், பக்கத்துக்கு 50 பேராக 100 உறுப்பினர் கொண்ட கூட்டு நாடாளுமன்ற அவையும் வந்தது. அதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது.

இந்தக் கருவிகள் ஒற்றுமையை உண்டாக்காது, பிளவை மட்டும் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். 2022 அக்டோபரில் நடக்க வேண்டிய கூட்டு அமைச்சரவைக் கூட்டம் அடுத்த ஆண்டு ஜனவரிக்குத் தள்ளிப்போனதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி தள்ளிப்போனால் அறிக்கையை வாசிக்கவே தேவையில்லை.

---

எட்டாம் பக்கம்

முதல் கேள்விக்கு வருகிறேன். எஃப்சிஏஎஸ் என்பது ஒரு விமானம் மட்டும் இல்லை. 2017 ஜூலையில் மக்ரோனும் மெர்கலும் அறிவித்தார்கள், 2019-இல் ஸ்பெயின் சேர்ந்தது. ஆறாம் தலைமுறைப் போர் விமானம், கூடவே பறக்கும் ஆளில்லா ஊர்திகள், எல்லாவற்றையும் இணைக்கும் தகவல் வலை, புது எஞ்சின் எல்லாம் சேர்ந்த தொகுப்பு. 2040 வாக்கில் சேவைக்கு வர வேண்டும், மொத்தச் செலவு 10,000 கோடி யூரோ அளவில் என்று பேசப்படுகிறது. 2022 டிசம்பரில் கையெழுத்தானது 320 கோடி யூரோ அளவிலான ஆய்வுக்கட்டம் மட்டும்தான். அடுத்தது பறக்கும் மாதிரி விமானம். அந்தப் படியில்தான் வண்டி நிற்கிறது. 2025 முடிவதற்குள் தீர்மானிப்போம் என்றார்கள். அந்தக் கெடுவும் தாண்டிப்போனது.

பிரெஞ்சு விமான நிறுவனமான தஸ்ஸோவுக்கும் ஐரோப்பியக் கூட்டு நிறுவனமான ஏர்பஸ்ஸுக்கும் ஆகாது என்று செய்திகள் எழுதும். அது மேல்தோல். அடியில் வேறு பூட்டுகள் இருக்கின்றன.

முதலாவது, விமானம் என்ன செய்ய வேண்டும் என்பது. பிரான்சுக்கு அது விமானந்தாங்கிக் கப்பலில் ஏறி இறங்க வேண்டும், அணு ஏவுகணையையும் சுமக்க வேண்டும். சார்ல் டி கோல் கப்பலுக்குப் பதிலாக வரவிருக்கும் புதுக் கப்பல் சுமார் 78,000 டன், 2038-இல் சேவைக்கு வரும் என்பது திட்டம். கப்பலில் இறங்குவது என்றால் சும்மா இல்லை. தரையில் இறங்குகிற மாதிரி மெதுவாகத் தடவி இறங்க முடியாது, தளத்தில் அடித்து உட்காரும். அதற்குச் சக்கரக்கால் தடிக்க வேண்டும், வாலடியில் கம்பியைக் கவ்வும் கொக்கி வேண்டும், தளத்திலிருந்து விமானத்தை எறியும் உந்துபொறி (கேட்டபுல்ட்) இழுக்கும்போது பிய்ந்துவிடாமல் முன்சக்கரத் தண்டும் அதைத் தாங்கும் உடற்சட்டமும் உறுதிப்பட வேண்டும். அத்தனையும் எடை. அதே சமயம் தளத்தின் நீளமும் உந்துபொறியின் பலமும் மொத்த எடைக்கு ஒரு வரம்பு போடும். ஆக, உடற்கூடு கனக்கக் கனக்க எரிபொருளும் ஆயுதமும் குறையும். ஜெர்மனிக்கு விமானந்தாங்கிக் கப்பலே கிடையாது. தனக்குத் தேவைப்படாத கொக்கிக்கு ஏன் காசு, ஏன் தூரம் குறைய வேண்டும் என்பது பெர்லின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

இரண்டாவது, யார் சொல்வது நடக்கும் என்பது. விமானப் பகுதிக்கு தஸ்ஸோதான் தலைமை. ஆனால் ஏர்பஸ் ஜெர்மனிக்காகவும் ஸ்பெயினுக்காகவும் உட்காருகிறது. மூன்று நாடு, மூன்று பங்கு என்றால் தலைமை நிறுவனத்தின் கையில் ஒரு பங்கு, எதிரில் இரண்டு. துணை ஒப்பந்தக்காரரைக்கூட நானே தேர்ந்தெடுக்க முடியாது என்றால் தலைமை எதற்கு என்கிறது தஸ்ஸோ. இவ்வளவு பணம் கொடுத்துவிட்டு உதிரிபாகக்காரனாக உட்கார முடியாது என்கிறது மறுபக்கம். அறிவுச் சொத்துரிமையும் இதோடு பின்னியது. ரஃபேலின் பறத்தல் கட்டுப்பாட்டு மென்பொருள் போல முன்பே இருந்த அறிவு யாருடையது, திட்டத்தின் பணத்தில் புதிதாகப் பிறப்பது யாருடையது, இருபது ஆண்டு கழித்து ஒரு நாடு தனியாக மேம்படுத்த நினைத்தால் எந்தப் பெட்டியைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பேச வேண்டும்.

மூன்றாவது, விற்பனை. பிரான்சின் ஆயுதத் தொழில் ஏற்றுமதி இல்லாமல் மூச்சுவிடாது. சவூதிக்குக் கூட்டுத் தயாரிப்பான யூரோஃபைட்டர் போர் விமானத்தை விற்பதை ஜெர்மனி 2018-க்குப் பிறகு தடுத்துவைத்து 2024 ஜனவரியில்தான் விட்டது. தயாரிப்பில் பங்குள்ள பிரிட்டன் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. பாரிஸுக்கு அது கெட்ட கனவு. 2019 அக்டோபரில் இதற்கென்று தனி உடன்பாடு போட்டார்கள்: அரசுகள் சேர்ந்து செய்யும் திட்டம் என்றால் தேசியப் பாதுகாப்போ நேரடி நலனோ பாதிக்கப்பட்டாலொழிய மற்றவர் விற்பனையைத் தடுக்கக் கூடாது. ஒருவர் தயாரிப்பில் மற்றவரின் உறுப்புகள் மதிப்பில் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தாலும் அப்படியே, சில வகைகள் மட்டும் விலக்கு. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டது அரசு, பெர்லினில் அடுத்த கூட்டணி அரசு அதை எப்படி வாசிக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

நான்காவதை யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஜெர்மனியில் 2.5 கோடி யூரோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ராணுவக் கொள்முதலும் புண்டஸ்டாக் பட்ஜெட் குழுவின் முன் தனித் தாளாகப் போக வேண்டும். பிரான்சில் அதிபர் மாளிகை முடிவெடுத்தால் ஆயுதக் கொள்முதல் இயக்ககம் கையெழுத்திடும். ஒரு பக்கம் ஒரே மேசை, மறுபக்கம் படிப்படியாய்ப் பணம், படிக்குப் படி நிபந்தனை. 2021 ஜூனில் அந்தக் குழு எஃப்சிஏஎஸ்ஸுக்கு ஒப்புதல் கொடுத்தபோதும் நிபந்தனைகளோடுதான் கொடுத்தது.

உடைந்தால் எல்லாம் முடிந்ததா? 1985-இல் பிரான்ஸ் யூரோஃபைட்டர் கூட்டிலிருந்து வெளியேறிய காரணங்களை எடுத்துப் பாருங்கள்: கப்பலுக்கு ஏற்ற எடை, வடிவமைப்புத் தலைமை, எஞ்சின் யாருடையது. அச்சு அசல் இதே. அவர்கள் ரஃபேல் செய்தார்கள், மற்றவர்கள் யூரோஃபைட்டர் செய்தார்கள், ஒன்றியமும் இருந்துகொண்டேதான் இருந்தது. கடல் ரோந்து விமானத்தைச் சேர்ந்து செய்வதாக இருந்தார்கள். 2021-இல் ஜெர்மனி அமெரிக்க பி-8 ஐந்தை வாங்கியது, அந்தத் திட்டம் வாடிப்போனது. டைகர் ஹெலிகாப்டரின் மூன்றாம் பதிப்பில் ஜெர்மனி சேரவே இல்லை.

என் கணிப்பு: ஆளுக்கொரு விமானம், பொதுவாக ஒரு தகவல் வலை என்று பிரிந்தால் மானம் காப்பாற்றப்படும். அதில் உண்மையான இழப்பு எஞ்சினில்தான். பிரெஞ்சு எஞ்சின் நிறுவனம் சாஃப்ரானும் ஜெர்மன் எஞ்சின் நிறுவனம் எம்டியுவும் சரிபாதியாகக் கூட்டு நிறுவனமே தொடங்கிவிட்டார்கள். ஒரு நாட்டின் விமான எண்ணிக்கைக்குப் புது எஞ்சினின் வளர்ச்சிச் செலவு கட்டுப்படியாகாது.

டாங்க் திட்டமான எம்ஜிசிஎஸ் ஒப்பீட்டில் நலம். 2024 ஏப்ரலில் வேலையை எட்டுத் தூண்களாகப் பிரித்து, சரிபாதிப் பங்கு என்று எழுதிக்கொண்டார்கள். கேஎன்டிஎஸ் 2015-லேயே பிரெஞ்சு நெக்ஸ்டரும் ஜெர்மன் கிராஸ்–மாஃபையும் இணைந்த நிறுவனம் என்பது உதவுகிறது. ஜெர்மன் ஆயுத நிறுவனமான ரைன்மெட்டல் பின்னால் வந்து சேர்ந்தபோது பங்கு பிரிப்பது மறுபடி சிக்கியது, அது வேறு கதை.

---

கணக்குப்பிள்ளை

பணப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பழைய எழுதாத உடன்படிக்கை ஒன்று இருந்தது: பொருளாதாரத்தில் ஜெர்மனி முன்னால் போகும், ராணுவத்திலும் வெளியுறவிலும் பிரான்ஸ் முன்னால் போகும். அந்தத் தராசு இப்போது சாய்ந்துவிட்டது.

2025 மார்ச்சில் ஜெர்மனி அரசியல் சட்டத்தையே திருத்தியது. ஜிடிபியில் 1 சதவீதத்துக்கு மேற்பட்ட பாதுகாப்புச் செலவு, அரசு கடன் வாங்க அரசியல் சட்டம் போடும் வரம்பான கடன் கடிவாளத்துக்கு வெளியே போனது. உள்கட்டமைப்புக்கு 12 ஆண்டுக்கு 50,000 கோடி யூரோ தனி நிதி. புண்டஸ்டாக்கில் 489 வாக்குகள் தேவைப்பட்டன, 512 கிடைத்தன. புதிய அவை கூடுவதற்கு முன்பே பழைய அவையில் நிறைவேற்றினார்கள், ஏனென்றால் புதியதில் மூன்றில் இரண்டு பங்கு தேறாது. திட்டப்படி 2029-இல் ஜெர்மன் பாதுகாப்பு பட்ஜெட் 15,000 கோடி யூரோவைத் தாண்டும்.

பிரான்ஸ் பக்கம் 2024–2030 ராணுவத் திட்டச் சட்டத்தின் மொத்தமே 41,300 கோடி. 2025 ஜூலையில் மக்ரோன் கூட்டிய பிறகும் 2027 இலக்கு 6,400 கோடி. பொதுக்கடன் ஜிடிபியில் சுமார் 115 சதவீதம். ஜெர்மனிக்கு அது அறுபதுகளில். 2024 பற்றாக்குறை 5.8 சதவீதம், அதாவது ஒன்றிய வரம்பான 3-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தரமதிப்பீட்டு நிறுவனமான ஃபிட்ச் 2025 செப்டம்பரில் பிரான்சின் கடன் தரத்தை ஏ பிளஸ்ஸுக்கு இறக்கியது, அடுத்த மாதம் எஸ் அண்ட் பி. நடுவில் பிரதமர்களின் அரசுகள் சரிந்தன: 2024 டிசம்பரில் பார்னியே, 2025 செப்டம்பரில் பைரூ. அடுத்த பிரதமர் லெகோர்னு அக்டோபர் 6-இல் ராஜினாமா செய்து, 10-ஆம் தேதி மீண்டும் நியமிக்கப்பட்டார். இந்த நிலையில் பாரிஸ் கொடுக்கும் எந்தப் பண வாக்குறுதிக்கும் பெர்லினில் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் பட்ஜெட் நிறைவேறுமா என்பதுதான்.

கூட்டுக் கடன் வாங்கலாமே என்பது பிரான்சின் பழைய பதில். ஜெர்மனி தடுப்பதற்கு மனத்தடை மட்டும் காரணமில்லை. பட்ஜெட் அதிகாரம் புண்டஸ்டாக்கின் கையை விட்டுப் போகக்கூடாது என்று கார்ல்ஸ்ரூவில் உள்ள அரசியல் சட்ட நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் 6,000 கோடி யூரோவை வேறு நிதிக்கு மாற்றியதைச் செல்லாது என்றது. அந்த பட்ஜெட் ஓட்டை கடைசியில் அப்போதைய சான்சலர் ஷோல்ஸின் அரசையே மூழ்கடித்தது. அதற்குப் பிறகு எந்த நிதியமைச்சரும் வழக்கறிஞர் இல்லாமல் பேனாவைத் திறப்பதில்லை.

எனவே நடப்பது இடைவழிகள். 2025 மே மாதம் வந்த சேஃப் என்ற ஒன்றியப் பாதுகாப்புக் கொள்முதல் நிதி 15,000 கோடி யூரோ. ஒன்றியம் கடன் வாங்கி நாடுகளுக்குக் கடனாகக் கொடுக்கிறது, மானியம் இல்லை. வாங்கும் பொருளில் வெளிநாட்டு உறுப்புகளின் விலை 35 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பிரான்ஸ் இன்னும் இறுக்கமான விதியைக் கேட்டது. ஏன் என்று ஜெர்மனியின் வாங்கல் பட்டியலைப் பார்த்தால் தெரியும்: அமெரிக்க எஃப்-35 போர் விமானம் முப்பத்தைந்து, சினூக் ஹெலிகாப்டர் அறுபது, பேட்ரியாட் வான்பாதுகாப்பு ஏவுகணை, இஸ்ரேலிய ஏரோ 3 ஏவுகணை. ஜெர்மனி 2022-இல் தொடங்கிய ஐரோப்பிய வான்கேடயத் திட்டத்தில் பிரான்ஸ் இன்றுவரை சேரவில்லை. இத்தாலியோடு சேர்ந்து செய்த எஸ்ஏஎம்பி–டி ஏவுகணை தன்னிடம் இருக்கும்போது, ஐரோப்பியக் கேடயத்தை அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் வாங்குவானேன் என்பது அதன் வாதம். பெர்லினின் பதில் சுருக்கமானது: எது சீக்கிரம் கிடைக்கும்?

உக்ரைன் விஷயத்திலும் இதே இடைவழிதான். 2025 டிசம்பர் உச்சிமாநாட்டில் முடக்கிவைத்த ரஷ்யச் சொத்தை அடிப்படையாக வைத்துக் கடன் கொடுக்க மெர்ஸ் தலைகீழாக நின்றார். பணத்தில் பெரும்பகுதி கிடக்கும் பெல்ஜியம் ஒப்பவில்லை, பாரிஸும் தோள் கொடுக்கவில்லை. விடியற்காலையில் ஒன்றிய பட்ஜெட்டின் உத்தரவாதத்தில் 9,000 கோடி யூரோ கூட்டுக் கடன் என்று முடிந்தது. கூட்டுக் கடன் வேண்டாம் என்று வந்தவர் கூட்டுக் கடனோடு திரும்பினார்.

---

திண்ணை வாசகன்

இது தெளிவாக இருக்கிறது, நன்றி. கணக்குப்பிள்ளை ஐயா, ஜெர்மனி இவ்வளவு செலவழிப்பது பிரான்சுக்கு நல்லதுதானே? நீண்டகாலமாக அதைத்தானே கேட்டார்கள்?

---

கணக்குப்பிள்ளை

கேட்டார்கள். ஆனால் அந்தப் பணம் ஐரோப்பியத் திட்டங்களுக்கு, அதாவது பாதி தங்கள் ஆலைகளுக்கு வரும் என்று நினைத்துக் கேட்டார்கள். தனி நாட்டுப் பணமாக வந்தால் அது ரைன்மெட்டலுக்கும் அமெரிக்க நிறுவனங்களுக்கும் போகிறது, பொறியாளர்களும் அங்கேயே போகிறார்கள்.

---

வரைபடம்

மூன்றாவது கேள்விக்குக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

ஒன்றியக் கவுன்சிலில் தகுதிப் பெரும்பான்மைக்கு 27-இல் 15 நாடுகள், மக்கள்தொகையில் 65 சதவீதம், இரண்டும் வேண்டும். தடுக்க வேண்டுமென்றால் 35 சதவீதத்துக்கு மேல் மக்கள்தொகையும் குறைந்தது நான்கு நாடுகளும் வேண்டும். வாக்களிக்காமல் இருப்பது எதிர்ப்பதற்குச் சமம்.

மக்கள்தொகையில் ஜெர்மனி சுமார் 18.6 சதவீதம், பிரான்ஸ் 15.2. கூட்டினால் 33.8. அதாவது இருவர் மட்டும் சேர்ந்து ஒன்றைத் தடுக்கக்கூட முடியாது, நிறைவேற்றுவது எங்கே? அடுத்து இத்தாலி சுமார் 13, ஸ்பெயின் 11, போலந்து 8.

தென்னமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பான மெர்கோசூரோடு போட்ட வணிக உடன்பாட்டில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. கார், இயந்திரம் விற்க ஜெர்மனிக்கு வேண்டும். மாட்டிறைச்சி விவசாயிகளுக்குப் பயந்து பிரான்சுக்கு வேண்டாம். பிரான்ஸ், இத்தாலி, போலந்து மூன்றும் சேர்ந்தால் 36-ஐத் தாண்டும், கூட ஒரு சின்ன நாடு இருந்தால் தடுத்துவிடலாம். அதனால் எல்லாருடைய கண்ணும் ரோம் மேல். 2026 ஜனவரியில் இத்தாலி ஆதரவுப் பக்கம் போனது. பிரான்சோடு போலந்து, ஆஸ்திரியா, அயர்லாந்து, ஹங்கேரி நின்றும் கூட்டுத்தொகை 29-ஐ எட்டவில்லை. விலகி நின்ற பெல்ஜியத்தைச் சேர்த்தாலும் 31 சொச்சம். நிறைவேறியது. பெர்லின் பாரிஸைத் தோற்கடிக்க இத்தாலியப் பிரதமர் மெலோனி போதும் என்று அன்றைக்கு எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

2024 அக்டோபரில் சீன மின்சாரக் கார் வரியில் இதற்கு நேர்மாறு. பிரான்ஸ் ஆதரித்தது, ஜெர்மனி எதிர்த்தது. 10 ஆதரவு, 5 எதிர்ப்பு, 12 நாடுகள் விலகின. இந்த வகை வரியை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமே விதிக்கலாம். நிறுத்த வேண்டுமென்றால்தான் எதிர்ப்பவர்களுக்குத் தகுதிப் பெரும்பான்மை வேண்டும். அது பக்கத்தில்கூட வரவில்லை. வரி வந்தது.

இன்னொரு மாற்றம், புவியீர்ப்பு மையம் கிழக்கே நகர்ந்தது. ஜெர்மனி லித்துவேனியாவில் சுமார் 5,000 பேர் கொண்ட படைப்பிரிவை நிரந்தரமாக வைக்கிறது; பிரான்ஸ் ருமேனியாவில் நேட்டோ படைக்குத் தலைமை வகிக்கிறது. மெர்ஸ் 2025 மே 6-இல் இரண்டாம் சுற்று வாக்கில் சான்சலரானார். மறுநாள் பாரிஸ் போய்விட்டு அன்றே வார்சாவும் போனார். மே 9-இல் பிரான்ஸ்–போலந்து நான்சி ஒப்பந்தம். ஜூலை 10-இல் அணு ஆயுத ஒருங்கிணைப்புக்குப் பிரான்ஸ்–பிரிட்டன் நார்த்வுட் அறிக்கை. ஒரு வாரம் கழித்து ஜெர்மனி–பிரிட்டன் கென்சிங்டன் ஒப்பந்தம். இரண்டு பேர் ஜோடி இப்போது நாலு பேர் வலையில் ஒரு முடிச்சு. நான் இதைக் கெட்டதாகப் பார்க்கவில்லை. 1991-இல் வைமரில் தொடங்கிய பிரான்ஸ்–ஜெர்மனி–போலந்து மூவர் கூட்டு முப்பது ஆண்டு தூங்கிவிட்டு இப்போதுதான் உருப்படியாகப் பேசுகிறது.

---

நூல்கண்டு

வரைபடம் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மெர்கோசூர் பெரும்பான்மை வாக்கில் முடியும் விஷயம். ஒன்றியத்தின் ஏழாண்டு பட்ஜெட், வெளியுறவு, புது நாடுகளைச் சேர்ப்பது எல்லாம் ஒருமனதாகத்தான் முடியும். அங்கே மெலோனியை வைத்துப் பாரிஸைச் சுற்றிப்போக முடியாது. 2028–2034 ஏழாண்டு பட்ஜெட் பேச்சில் இதைப் பார்க்கலாம்.

இரண்டாம் கேள்வியில் அணு ஆயுதப் பாதி விட்டுப்போயிற்று. பிரான்சிடம் சுமார் 290 அணுகுண்டு முனைகள் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டுவந்த கணக்கு. நான்கு நீர்மூழ்கிகள், ஒன்றாவது எப்போதும் கடலில். கூடவே ரஃபேலில் சுமக்கும் ஏவுகணை. 2020 பிப்ரவரி உரையிலேயே மக்ரோன் பிரான்சின் உயிர்நலன்களுக்கு ஐரோப்பியப் பரிமாணம் உண்டு என்றார். அன்று பெர்லின் காதில் வாங்கவில்லை. 2025 மார்ச் 5 உரைக்குப் பிறகு வாங்கியது. ஆகஸ்ட் இறுதியில் பிரான்சின் தூலோனில் நடந்த கூட்டத்தில் மக்ரோனும் மெர்ஸும் அணு ஆயுதம் பற்றிய வியூகப் பேச்சு நடத்த ஒப்பினார்கள்.

தடை இதுதான்: ஜெர்மனியின் பூஷெல் தளத்தில் இருக்கும் அமெரிக்க பி-61 அணுகுண்டுகளுக்கு ஜெர்மன் விமானம், ஜெர்மன் விமானி, அமெரிக்கச் சாவி. அந்தக் குண்டுக்குத்தான் 35 எஃப்-35. பிரான்ஸ் அப்படிப்பட்ட பங்கீட்டைத் தரவே முடியாது, பொத்தான் அதிபர் ஒருவர் கையில் என்பதுதான் அதன் கோட்பாட்டின் முதுகெலும்பு. நேட்டோவின் அணுத் திட்டக் குழுவில்கூட அது இல்லை. ஜெர்மனி தானே செய்துகொள்ள 1990-இன் இரண்டு கூட்டல் நான்கு ஒப்பந்தமும் அணுப் பரவல் தடை ஒப்பந்தமும் விடாது. ஆக மீதி இருப்பது சின்னச் சின்னப் படிகள்: பயிற்சியில் ஜெர்மன் அதிகாரிகள், வானில் எரிபொருள் நிரப்பும் விமானம், வான்பாதுகாப்பு, அதாவது குண்டைத் தவிர சுற்றியுள்ள எல்லாம்.

அறிக்கைகளைவிட லுக்சொய் தளத்தைப் பாருங்கள். கிழக்குப் பிரான்சில், ஜெர்மன் எல்லைக்கு வெகு தொலைவில்லாத பழைய விமானத் தளம். அங்கே 2035-க்குள் 40 ரஃபேல், புது மீயொலி அணு ஏவுகணையோடு என்று 2025 மார்ச்சில் மக்ரோன் அறிவித்தார். அங்கே ஊற்றும் கான்கிரீட்டை யாரும் மறுவிளக்கம் சொல்லி மாற்ற முடியாது.

---

எட்டாம் பக்கம்

சிறு திருத்தம். எஃப்-35 வாங்கியதற்குக் குண்டு மட்டும் காரணம் இல்லை, காலமும்தான். அந்தக் குண்டைச் சுமக்கும் பழைய டோர்னடோ விமானம் ஓய்வுபெறுகிறது, யூரோஃபைட்டருக்கு அந்தக் குண்டைச் சுமக்கும் சான்று வாங்க வேண்டுமென்றால் அதன் உள்விவரங்களை அமெரிக்கர்களுக்குத் திறந்துகாட்ட வேண்டும், ஆண்டுக்கணக்கில் ஆகும்.

நான்காம் கேள்வி. மக்ரோன் 2027 ஏப்ரலில் மூன்றாம் முறை நிற்க முடியாது. மரின் லெ பென்னின் தீவிர வலதுசாரி தேசியப் பேரணிக் கட்சி வென்றால் முதல் அடி ஆயுதத் திட்டங்களுக்குத்தான் விழும். 2022 தேர்தலின்போதே லெ பென் ஜெர்மனியோடு கூட்டு ஆயுதத் திட்டங்களை நிறுத்துவேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதற்கு நாடாளுமன்றம்கூட வேண்டாம், அடுத்த கட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்தாலே போதும். அணுப் பேச்சும் அப்படித்தான்: அதிபர் தொடங்கியது, அதிபர் நிறுத்தலாம். இவை இரண்டும் சாயும் பக்கம்.

நிற்பவை சத்தமில்லாதவை. பயணிகள் விமான ஏர்பஸ், பங்குதாரர் அமைப்பில் இறுகிவிட்ட கேஎன்டிஎஸ், 1963 முதல் இயங்கும் கூட்டு இளைஞர் அலுவலகம், இரு நாடும் சேர்ந்து நடத்தும் ஆர்ட்டே தொலைக்காட்சி, எல்லைப் பகுதி மாநகரங்களின் கூட்டுப் போக்குவரத்து. 1989 முதல் இருக்கும் கூட்டுப் படைப்பிரிவும் நிற்கும், ஆனால் ஏற்கெனவே அது அலங்காரத்துக்குக் கொஞ்சம் மேல்தான். ஜெர்மன் வீரர்களை அனுப்பப் புண்டஸ்டாக் ஒப்புதல் வேண்டும், பிரெஞ்சுக்காரர்களுக்கு அதிபர் உத்தரவு போதும், ஒரே படையில் இரண்டு கடிகாரம்.

ஜெர்மனி பக்கத்தையும் மறக்க வேண்டாம். 2025 தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 20.8 சதவீதத்தோடு இரண்டாமிடம். பாரிஸ் ஆடும்போது பெர்லின் அசையாமல் பிடித்துக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கைக்கும் இப்போது உத்தரவாதம் இல்லை.

---

திண்ணை வாசகன்

கடைசியாக ஒன்று. வெளியிலிருந்து பார்ப்பவன் எதைக் கவனித்தால் முன்கூட்டியே தெரியும்? உச்சிமாநாட்டுப் புகைப்படம் பிரயோஜனமில்லை என்று புரிந்துவிட்டது.

---

எட்டாம் பக்கம்

புண்டஸ்டாக் பட்ஜெட் குழுவின் நிகழ்ச்சி நிரல். கோடை விடுமுறைக்கு முந்தைய கூட்டங்களிலும் டிசம்பர் கூட்டங்களிலும் 2.5 கோடி யூரோவுக்கு மேற்பட்ட கொள்முதல் தாள்கள் கட்டுக்கட்டாக வரும். ஒரு கூட்டுத் திட்டம் இரண்டு சுற்று அந்தப் பட்டியலில் இல்லாமல் போனால், அறிக்கையில் என்ன எழுதியிருந்தாலும் அதற்குப் பணம் இல்லை என்று அர்த்தம்.

---

கணக்குப்பிள்ளை

அதோடு பிரெஞ்சு, ஜெர்மன் பத்தாண்டுக் கடன்பத்திர வட்டி வித்தியாசம். அது விரியும் வாரத்தில் பாரிஸ் கேட்கும் எதற்கும் பெர்லினில் பதில் தாமதமாகும்.

---

வரைபடம்

எனக்கு ஒன்றுதான்: மெர்ஸ் பாரிஸ் போகும் நாளில் வார்சாவுக்கோ ரோமுக்கோ அதே வாரத்தில் யார் போனார்கள் என்று பாருங்கள்.